சாமை வாங்கி விற்கிறேன்: டிரஸ்டா, கம்பெனியா?

கேள்வி: தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்தில் மலையடிவாரக் கிராமம் எங்களுடையது. பெங்களூருவில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. சுற்றியுள்ள 40 விவசாயிகளிடம் சாமை வாங்கி, வாடகை மில்லில் உமி நீக்கி, அரைக் கிலோ பாக்கெட்டாகக் கடைகளுக்கும் பெங்களூரு நண்பர்களுக்கும் விற்கிறேன். எட்டுப் பெண்கள் சுத்தம் செய்து பாக்கெட் போடுகிறார்கள். மாதம் இரண்டு டன் சாமை ஓடுகிறது. என் சேமிப்பு 3 லட்சம் இதில் இருக்கிறது. இதுவரை சம்பளம் எடுத்ததில்லை. வியாபாரி கிலோவுக்கு 34 ரூபாய் தருகிறார், நான் 38 தருகிறேன். அறுவடையில் பாதிப் பணம், மீதி விற்க விற்க நாலு மாதத்துக்குள். அப்படியும் சிலர் வியாபாரிக்கே போடுகிறார்கள். இப்போது முறையாகப் பதிவு செய்ய வேண்டும். தொண்டு நிறுவனத்தில் இருக்கும் தோழி, டிரஸ்ட் தொடங்கினால் கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் வரும் என்கிறாள். அண்ணன் பிரைவேட் லிமிடெட் என்கிறான். வேளாண் அலுவலர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்கிறார். சேவை என்று சொல்லிக்கொண்டு லாபம் எடுக்கலாமா என்பதும் உறுத்துகிறது. எங்கள் ஊர்க்காரர்களே வாங்க முடியாத விலையில் விற்பதும் உறுத்துகிறது. என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வரவு செலவுத் தாளையும் இணைத்திருந்தார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைவிட அதனுடன் வந்த கணக்குத் தாளில்தான் எனக்கு அதிக நேரம் போனது. ஆடிட்டர் புத்தி, மன்னிக்கவும். எதைப் பதிவு செய்வது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் லாபம் எடுக்கலாமா என்ற உறுத்தலை எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் நீங்கள் எடுப்பதற்கு அங்கே லாபமே இல்லை.

உங்கள் தாளையே வைத்துப் பார்க்கிறேன். 100 கிலோ சாமை 3,800 ரூபாய். வண்டி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 150. மில் கூலி 500. கல், உமி, குருணை எல்லாம் போக 60 கிலோ அரிசி கிடைக்கிறது. சுத்தம் செய்து பாக்கெட் போடும் கூலி கிலோவுக்கு 6 ரூபாய் என்று 360. கவரும் லேபிளும் 120 பாக்கெட்டுக்கு 480. ஆகமொத்தம் 5,290. கடைக்குக் கிலோ 110 ரூபாய்க்குப் போடுகிறீர்கள், 6,600 வருகிறது. குவிண்டாலுக்கு 1,310 மிச்சம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். மாதம் 20 குவிண்டாலுக்கு 26,200 ரூபாய். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தத் தாளில் சில செலவுகள் வரவேயில்லை. உங்கள் சம்பளம் இல்லை. உங்கள் இடத்தில் வேறு ஒருவரை வைத்தால் 20,000 ரூபாய்க்குக் குறைந்து ஆள் கிடைக்காது. சரக்கு இருக்கும் அறை உங்கள் வீட்டுடையது என்பதால் வாடகை எழுதவில்லை, அதற்கு 4,000 வையுங்கள். அப்புறம் வட்டி. சாமை ஒரே பட்டத்து அறுவடை. மாதம் இரண்டு டன் விற்க வேண்டுமானால் 24 டன்னை அறுவடையை ஒட்டிய சில வாரங்களிலேயே வாங்கிப் போட வேண்டும். அதற்கு 9 லட்சத்துக்கு மேல் வேண்டும். விற்க விற்கக் குறைந்துகொண்டு வருவதால் சராசரியாக நாலரை லட்சம் வருடம் முழுக்க முடங்கும். 12 சதவீத வட்டி என்றால் மாதம் 4,500. கடைகளிலிருந்து வண்டு, சிக்கு வாடை என்று திரும்பி வரும் பாக்கெட்டுக்கு விற்பனையில் 3 சதவீதம், கிட்டத்தட்ட 4,000. கூட்டினால் 32,500. உங்கள் 26,200-ஐக் கழித்தால் மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் கைநஷ்டம்.

உங்கள் உழைப்பும் வீட்டு அறையும் விவசாயிகளின் பொறுமையும் சேர்ந்து அந்தப் பள்ளத்தை மூடி வைத்திருக்கின்றன. இதே விலையில் மாதம் இரண்டேமுக்கால் டன்னைத் தொட்டால்தான் தொழில் தன் காலில் நிற்கும். லாபம் எடுப்பது தவறா என்று கேட்பவர்களிடம் நான் வழக்கமாக மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்வேன். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கி, அந்த மிச்சத்தில் முடியாதவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். வெளிநாட்டு லென்ஸின் விலை தடையாக இருந்தபோது 1992-ல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். மிச்சம் இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது. ஆகவே மிச்சம் வரட்டும், வந்தபின் அது யாருக்குப் போக வேண்டும் என்று உட்கார்ந்து பேசுங்கள். பதிவு விஷயமே அந்தப் பேச்சிலிருந்துதான் வர வேண்டும்.

சம்பளத்தை மட்டும் அடுத்த மாதமே தொடங்குங்கள். கையில் எடுக்க முடியாவிட்டாலும் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதாத சம்பளம், நாளை உங்களுக்குக் கல்யாணமோ உடம்பு சரியில்லாமலோ ஆகி இன்னொருவர் பொறுப்பேற்கும்போது, திடீரென்று நஷ்டமாக முளைக்கும். நல்ல மனசோடு தொடங்கிய பல தொழில்கள் அந்த இடத்தில்தான் நின்று போயின.

இனி, நாலு ரூபாய் கூடக் கொடுத்தும் வியாபாரியிடம் போகிறார்களே என்ற வருத்தம். எனக்கு இதில் வியாபாரி மீது கோபம் வரவில்லை. அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆடி மாதம் உழவுக்கும் விதைக்கும் கை மாற்றாகப் பணம் தருகிறார். காதுகுத்து, சீர் என்றாலும் அவரிடம்தான் போகிறார்கள். களத்துக்கே வண்டி கொண்டு வருகிறார். ஈரமோ மண்ணோ, கொஞ்சம் கழிவு பிடித்துக்கொண்டு அத்தனையையும் எடுத்துக்கொள்கிறார். அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். நீங்களோ நன்றாகக் காய்ந்ததை மட்டும் எடுத்து, பாதிப் பணம் கொடுத்து, மீதிக்கு நாலு மாதம் சொல்கிறீர்கள்.

அந்தப் பாதி, கிலோவுக்கு 19 ரூபாய். உங்கள் ஊரில் கைமாற்று மூன்று வட்டி என்றால் 19 ரூபாய்க்கு நாலு மாத வட்டி 2 ரூபாய் 28 காசு. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் நாலு ரூபாயில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. மிச்சம் இருக்கும் ஒன்றேமுக்கால் ரூபாய்க்காக, ஆபத்துக்கு உதவும் ஆளைப் பகைத்துக்கொள்ள வேண்டுமா என்று ஒரு விவசாயி நினைத்தால் அவர் கணக்கு சரிதான். இன்னொரு விதமாகப் பார்த்தால், 9 லட்சத்தில் பாதியை, அதாவது நாலரை லட்சத்தை, அந்த 40 பேர்தான் வட்டியில்லாமல் உங்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சேவை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு நன்மை இரண்டு பக்கமும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

குஜராத் கேடா மாவட்டத்தில் 1946-ல் பால் கூட்டுறவு தொடங்கியபோதும் அங்கே பலமான வாங்குபவர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்ற அந்த அமைப்பு வேரூன்றியதற்கு விலை மட்டும் காரணமல்ல. தினமும் இரண்டு வேளை ஊருக்குள்ளேயே பால் எடுத்தார்கள். கொழுப்பைக் கண்ணெதிரே சோதித்து அதற்கேற்ற பணத்தைத் தாமதமில்லாமல் கொடுத்தார்கள். சாமைக்குத் தினம் இரண்டு வேளை தேவையில்லை, ஆனால் எடை, ஈரப்பதம், பணம் மூன்றும் களத்திலேயே முடிய வேண்டும். ஒரு ஈரப்பதமானியும் முத்திரையிட்ட தராசும் வாங்கி, தராசை அவர்களில் ஒருவரையே பார்க்கச் சொல்லுங்கள். லேபிளில் விவசாயி படம் போடுவதைவிட அது நல்ல விளம்பரம்.

ஆகவே இந்த வருடம் உங்களுக்கு வேண்டியது நடைமுறை மூலதனம். அதாவது வாங்குகிற அன்றே கொடுக்கப் பணம். சாமை உமியோடு இருக்கும்வரை எளிதில் கெடாது. உமி நீக்கியபின்தான் தவிட்டில் இருக்கும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். இது உங்களுக்குச் சாதகம். மொத்தத்தையும் தானியமாக இருப்பு வைத்து, மாதாமாதம் விற்பனைக்கு வேண்டியதை மட்டும் தீட்டுங்கள். திரும்பி வரும் பாக்கெட் பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன். அப்படி இருப்பு வைத்த தானியத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கவும் வழி இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் வைத்தால் பொருளீட்டுக் கடன் உண்டு. உங்கள் வட்டாரக் கூடத்தில் சாமைக்குக் கொடுக்கிறார்களா, யார் பெயரில் கொடுக்கிறார்கள் என்று நேரில் கேளுங்கள். விவசாயிகளே தங்கள் பெயரில் வைத்துக் கடன் எடுத்துக்கொண்டால் வியாபாரியின் கைமாற்றுக்கு அது மாற்றாகவும் ஆகும்.

இனி பதிவு. தோழி சொல்லும் டிரஸ்டிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தொழிலுக்கு நான் வேண்டாம் என்று சொல்வது அதைத்தான். சி.எஸ்.ஆர். பணம் வெளி அமைப்பு ஒன்றுக்கு வர வேண்டுமானால், அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் அதற்கு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நேற்றுப் பதிந்த டிரஸ்டுக்கு அந்தக் கதவு திறக்காது. இதைச் சொல்லாமல்தான் பலரும் டிரஸ்ட் பத்திரம் எழுதித் தருகிறார்கள்.

வரி இன்னும் பெரிய சிக்கல். அறப்பணி என்பதற்கு வருமான வரிச் சட்டம் சில வகைகளைச் சொல்கிறது: ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவ உதவி என்று போய், கடைசியில் பொதுநலனுக்கான வேறு நோக்கங்கள் என்று ஒரு வகை. அந்தக் கடைசி வகைக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. வியாபாரத்தில் வரும் தொகை மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருடத்துக்கு வரிவிலக்கு போய்விடும். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகத்தான் படித்தது. உங்கள் வரவு முழுக்க முழுக்க விற்பனை. ஏழைகளுக்கு உதவி என்ற வகையில் வருகிறோம் என்று வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதத்தை வருடா வருடம் வருமான வரி அலுவலகத்தில் நடத்திக்கொண்டிருக்க வேண்டும். அரவிந்த் டிரஸ்டாகத்தானே நடக்கிறது என்று கேட்பீர்கள். மருத்துவ உதவி தனி வகை, அதற்கு அந்த 20 சதவீத வரம்பு இல்லை. சாமை அரிசிக்கு அந்த வசதி கிடையாது. சொசைட்டியாகப் பதிந்தாலும், கம்பெனிச் சட்டத்தின் எட்டாவது பிரிவில் லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிந்தாலும் வரி விஷயத்தில் கதை இதேதான். கூடவே, அதில் வரும் மிச்சத்தை விவசாயிகளுக்கு லாபப் பங்காகப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. நீங்கள் ஆசைப்படுவதே அதுதானே?

அண்ணன் சொல்லும் பிரைவேட் லிமிடெட் நேர்மையான வழி. அதை நம் ஊரில் ஏனோ கெட்ட வார்த்தையாக்கி வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் பதியலாம், வங்கிக்குப் புரியும், முதலீடு வாங்கலாம், முடிவுகளை நீங்களே எடுக்கலாம். குறை என்னவென்றால், விவசாயிக்கு நல்ல விலை என்பது உங்கள் வாய்வார்த்தையாக மட்டும் இருக்கும். நாளை ஒரு முதலீட்டாளர் பாதிப் பங்கை வாங்கி, 38 எதற்கு, 35 போதுமே என்றால், அந்த 40 பேருக்குக் கேட்க உரிமை இல்லை. பிரிட்டனில் சமூக நலக் கம்பெனி என்று 2005-லிருந்து தனி வகை இருக்கிறது. அதன் சொத்தை முதலாளிகள் பிரித்துக்கொண்டு போக முடியாதபடி சட்டமே பூட்டு போட்டிருக்கிறது. நம் நாட்டில் அப்படித் தனி வகைக் கம்பெனி இல்லை. கம்பெனியின் உள்விதிகளில் எழுதி வைக்கலாம், ஆனால் போதுமான ஓட்டு இருப்பவர்கள் அதை மாற்றிவிடவும் முடியும். சமூக நோக்கமுள்ள அமைப்புகள் பணம் திரட்டும் சமூகப் பங்குச் சந்தையைப் பற்றி யாராவது உங்களிடம் பேசினால், மாதம் இரண்டு டன் ஓடும் தொழிலுக்கு அது இப்போது தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள்.

மிச்சம் இருப்பது வேளாண் அலுவலர் சொன்னது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்பது கூட்டுறவுச் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்று பொருளாதார நிபுணர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் சேர்த்தது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதியலாம். யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. மிச்சத்தைப் பங்கின் அளவுப்படி அல்லாமல், யார் எவ்வளவு சரக்கு போட்டார்களோ அந்த அளவுப்படி ஊக்கத்தொகையாகக் கொடுக்கலாம். சரக்கு வாங்கும்போது விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்துப் பிற்பாடு கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் இப்போது கடன் சொல்லிச் செய்வதை அங்கே உறுப்பினர்களே பேசி முடிவெடுத்துச் செய்யலாம். பணம் வைத்திருப்பவர் வேறு யாரோ அல்ல, அவர்களுடைய கம்பெனி. அதனால் அதே நாலு மாதக் காத்திருப்புக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

உங்களுக்கு இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் உறுப்பினராக உற்பத்தியாளராக இருக்க வேண்டும். முழுநேரத் தலைமைச் செயல் அலுவலரோ உறுப்பினராக இருக்கவே கூடாது, வெளியிலிருந்துதான் நியமிக்க வேண்டும். அப்பாவின் நிலத்தைக் காட்டி உறுப்பினராகிவிட்டால் நீங்கள் தலைமைச் செயல் அலுவலர் ஆக முடியாது. தலைமைச் செயல் அலுவலரானால் உங்களுக்குப் பங்கு கிடையாது. இயக்குநர் குழுவில் இடம் உண்டு, சம்பளம் உண்டு, ஆனால் முதலாளி அவர்கள். நீங்கள் போட்ட 3 லட்சத்தைப் பங்காக மாற்ற முடியாது. சரக்கு, கவர், இயந்திரம் என்று விலை போட்டு நிறுவனத்துக்கு விற்றதாகவோ, கடனாகவோ எழுதித்தான் திரும்ப எடுக்க வேண்டும். குழு நினைத்தால் உங்களை மாற்றவும் செய்யலாம். இதைப் படிக்கும்போது வயிற்றில் ஏதோ செய்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியானால் அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள். ஊர் பெயரில் நிறுவனம் தொடங்கி, உள்ளுக்குள் என்னுடையது என்று நினைத்து நடத்துவதுதான் பிற்பாடு பஞ்சாயத்தில் வந்து நிற்கும்.

அரசுத் திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் 10,000 நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசுத் திட்டம் வந்தது. சமவெளியில் 300 உறுப்பினர், மலைப்பகுதியில் 100 உறுப்பினர் என்று வரையறை. மூன்று வருடத்துக்கு 18 லட்சம் வரை நிர்வாகச் செலவு, உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாகத் தலைக்கு 2,000 வரை, மொத்தம் 15 லட்சத்தைத் தாண்டாமல். சட்டப்படி பத்து பேர் போதும், திட்டத்துக்குப் போதாது. புதிதாகச் சேர்க்கிறார்களா என்று வேளாண் அலுவலரையே கேளுங்கள். ஆனால் அந்தப் பணத்தைக் குறிவைத்து அவசரமாக ஆள் சேர்க்க வேண்டாம். அப்படிப் பிறந்த நிறுவனங்களின் கோப்புகள் என்னைப் போன்றவர்களிடம் நிறைய வரும். ஆதார் நகல் வாங்கி முந்நூறு பேரைச் சேர்த்திருப்பார்கள். பாதிப் பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது. மூன்றாம் வருடம் மானியம் முடிந்ததும் சம்பளம் இல்லை என்று தலைமைச் செயல் அலுவலர் போய்விடுவார். கம்பெனிப் பதிவாளருக்கு வருடாந்தரப் படிவங்களை யாரும் போட மாட்டார்கள். ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். கையெழுத்துப் போட்ட அப்பாவி இயக்குநர்கள்தான் கடைசியில் பதில் சொல்ல வேண்டும்.

உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சித்தேரிக்கு அந்தப் பக்கம் சிட்லிங்கி இருக்கிறது. 1993-ல் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி அங்கே பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். இயற்கை விவசாயிகள் அமைப்பும் சிறுதானியப் பொருட்களும் லம்பாடிப் பெண்களின் போர்கை என்ற எம்பிராய்டரித் தொழிலும் அதற்கப்புறம் வந்தவை. முதலில் நம்பிக்கை, பிறகு அமைப்பு என்ற வரிசையை அங்கே நேரில் பார்க்கலாம். ஒரு நாள் போய் இருந்துவிட்டு வாருங்கள். எந்தப் பயிலரங்கையும்விட உபயோகம்.

கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்து போன எட்டுப் பெண்களுக்கு வருகிறேன். கிலோவுக்கு 6 ரூபாய் கூலி, மாதம் 1,200 கிலோ. மொத்தம் 7,200 ரூபாய், எட்டால் வகுத்தால் தலைக்கு 900. எட்டுப் பேருக்கு வேலைவாய்ப்பு என்று விண்ணப்பத்தில் எழுதினால் அழகாக இருக்கும். அந்த வீடுகளில் அது கைச்செலவுக்குத்தான் காணும். அவர்கள் மாதத்தில் சில நாள்தான் வருகிறார்கள் என்றால் அதை வேலை என்று சொல்லாதீர்கள், அவர்களிடமும் அப்படிச் சொல்லி வைக்காதீர்கள். அவர்கள் கையில் கூடுதலாக வர வேண்டுமானால் அரிசியாக விற்பதோடு நிற்கக் கூடாது. இப்போது சல்லி விலைக்குத் தள்ளிவிடும் குருணையை ரவையாக்கலாம், மாவாக்கலாம், வத்தல் போடலாம். கூலி அதிகம் சேரும் சரக்கு எதுவோ அதைத் தேடுங்கள். 1959-ல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கிய லிஜ்ஜத் பப்படத்தில் மாவை ஓரிடத்தில் பிசைந்து கொடுத்து, பெண்கள் வீட்டில் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தால் கூலி என்று வைத்தார்கள். தரம் ஒரு கையில், உழைப்பு பல வீடுகளில். ஒவ்வொருவரும் பங்குதாரர். உங்கள் எட்டுப் பேரும் விவசாயக் குடும்பம்தான் என்றால் உறுப்பினர் பட்டியலில் கணவர் பெயருக்குப் பதிலாக அவர்கள் பெயரே வரட்டும். சரக்கு யார் பெயரில் எடை போடப்படுகிறதோ அவருக்குத்தான் ஊக்கத்தொகை போகும்.

ஊர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை பற்றி: விலையைக் குறைக்காதீர்கள், செலவைக் கழற்றுங்கள். கிலோவுக்கு 8 ரூபாய் உங்கள் கவருக்கு மட்டும் போகிறது. கடைக்காரர் லாபம் வேறு. பாக்கெட்டும் லேபிளும் இல்லாமல், தீட்டிய அன்றே மில் வாசலில் படியால் அளந்து கொடுத்தால் கிலோ 95-க்குப் பக்கத்தில் கொடுக்கலாம், கையைக் கடிக்காது. உதிரியாக விற்பதற்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. பங்களாதேஷில் கிராமீன் வங்கிக் குழுமமும் பிரான்ஸின் டனோன் நிறுவனமும் கூட்டாக 2006-ல் ஏழைக் குழந்தைகளுக்காகச் சத்துத் தயிர் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2008-ல் பால் விலை ஏறியதும் 5 டாக்கா கப்பை 8 டாக்கா ஆக்கினார்கள், கிராமங்களில் விற்பனை படுத்துவிட்டது. பிறகு 80 கிராம் கப்பை 60 கிராமாக்கி 6 டாக்காவுக்குக் கொண்டு வந்தார்கள். அத்தனை பெரிய நிறுவனங்களுக்கே விலை விஷயத்தில் இறங்கி வர வேண்டியிருந்தது. நஷ்டத்துக்கு விற்றுச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வரவே வேண்டாம்.

ஜி.எஸ்.டி. என்றதும் ஒன்று. நாற்பது லட்சத்துக்குள்தானே விற்பனை, பதிய வேண்டாம் என்று இருந்திருப்பீர்கள். பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய சாமைக்கு 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத வரி உண்டு. வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும், அந்த வரம்பு உதவாது. பெங்களூரு நண்பர்களுக்கு நீங்கள் அனுப்பும் கூரியர் அதில் வருகிறது. நண்பர்கள் என்பதால் விலக்கு இல்லை. பதிவு கிடைக்கும்வரை அந்தக் கூரியரை நிறுத்தி வையுங்கள். இதுவரை அனுப்பியதன் பட்டியலோடு பக்கத்தில் உள்ள ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண் லேபிளில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் பேக்கிங் தேதியும் தொகுதி எண்ணும் தெரியவில்லை. சிக்கு வாடை என்று ஒரு பாக்கெட் திரும்பி வந்தால் எந்த நாள் தீட்டியது என்று கண்டுபிடிக்க அந்த எண்தான் உதவும்.

இப்போதைக்கு உங்கள் பெயரிலேயே தனிநபர் நிறுவனமாக, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவோடு இந்த ஒரு அறுவடையை நடத்துங்கள். எதையும் அவசரமாகப் பதிய வேண்டாம். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் 40 பேரையும் கூப்பிட்டு, மேலே எழுதிய குவிண்டால் கணக்கை ஒரு பெரிய தாளில் எழுதி மாட்டுங்கள். உங்கள் சம்பளமும் அதில் இருக்கட்டும். முணுமுணுப்பார்கள். இந்தப் பெண் இத்தனை நாள் சும்மா செய்தது, இப்போது சம்பளம் கேட்கிறது என்பார்கள். பதில் சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம். அப்புறம் கேளுங்கள்: இது நம் எல்லோருடைய கம்பெனியாக வேண்டுமானால் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு போடுவீர்களா, அறுவடையில் பிடித்துக்கொள்ளட்டுமா? சம்மதிப்பவர்கள் பதினைந்து பேர் தேறினாலும் அவர்களை வைத்து உற்பத்தியாளர் நிறுவனம் பதியலாம், மற்றவர்கள் பார்த்துவிட்டு வருவார்கள். ஐந்தாறு பேர்தான் கை தூக்கினார்கள் என்றால் அவர்களுக்கு நல்ல வாங்குபவர்தான் வேண்டும், கம்பெனி வேண்டாம் என்று அர்த்தம். அதுவும் மரியாதையான பதில்தான். அப்போது பிரைவேட் லிமிடெட் போட்டு, களத்திலேயே முழுப் பணம் கொடுக்கும் வாங்குபவராக இருங்கள்.

கூட்டம் முடிந்ததும் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி, இந்த வருட வங்கிக் கணக்கு அறிக்கையோடு அனுப்புங்கள். பங்குத் தொகை எவ்வளவு வைப்பது, உங்கள் 3 லட்சத்தை எப்படிக் கடனாக எழுதுவது என்பதை அதைப் பார்த்தபின்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
உங்கள் ஆடிட்டர்